ஆறு மாறியதா, அளந்த விதம் மாறியதா? பெரிய ஆற்றின் நீர்த்தரத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் முறை

இருபது ஆண்டு நீர்த்தரப் பதிவு எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு கோடு மேலேயோ கீழேயோ சாய்ந்துதான் இருக்கும். சாய்வுக்குக் காரணம் மூன்று. ஆறே மாறியிருக்கலாம். மாதிரி எடுத்த நாட்களில் ஓடிய தண்ணீரின் அளவு கூடக்குறைய இருந்திருக்கலாம். இல்லையென்றால் இடையில் யாரோ கருவியையோ பாட்டிலையோ ஆய்வு முறையையோ மாற்றியிருக்கலாம். பின்னிரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் ஆற்றின் மாற்றம் என்று சொல்ல முடியும். புதிதாகப் பதிவைத் தொடங்குபவருக்கும், பழைய பதிவைக் கையில் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று விழிப்பவருக்கும் இந்தக் கழித்தல்தான் முக்கால்வாசி வேலை.

இடம்: ஒரு முறை தேர்ந்தால் தேர்ந்ததுதான்

பெரிய ஆற்றில் துணையாறோ கழிவுநீர்க் கால்வாயோ கலந்தால் உடனே கலந்துவிடாது. அந்தத் தண்ணீர் பல கிலோமீட்டர் தூரம் ஒரு கரையை ஒட்டியே போகும். அந்தக் கரையில் நின்று பாட்டிலை நிரப்பினால் கிடைப்பது துணையாற்றின் தரம். எதிர்க்கரையில் எடுத்தால் அந்தக் கலப்பே இல்லாதது போலத் தெரியும்.

இதைச் சோதிக்க அதிகச் செலவில்லை, ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் (நீரின் மின்கடத்தும் திறனை அளப்பது) போதும். ஆற்றின் அகலத்தைப் பத்துச் சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மேலே, நடு ஆழத்தில், அடியில் என மூன்று அளவு எடுங்கள். முப்பது எண்களும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் இருந்தால், கரைந்த பொருட்களுக்கு அந்த இடத்தில் நடு ஓட்டத்திலிருந்து எடுக்கும் ஒரு மாதிரியே போதும். வித்தியாசம் அதற்கு மேல் போனால் இன்னும் கீழே இறங்கி இடம் தேடுங்கள். வேறு இடம் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் குறுக்காகப் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கோடையில் ஒரு முறை, வெள்ளத்தில் ஒரு முறை என இரண்டு தரம் செய்யுங்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் நன்றாகக் கலந்திருக்கும் இடம் வெள்ளத்தில் அப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பாலம் வசதியான இடம். எதிர்நீரோட்டப் பக்கத்திலிருந்து எடுத்தால் பாலத்தின் துருவும் வண்ணப்பூச்சும் சாலைக் கழிவும் மாதிரியில் விழாது. பக்கத்தில் நீரோட்டம் அளக்கும் நிலையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டத்தின் அளவு தெரியாத நீர்த்தரப் பதிவு பாதிப் பதிவுதான்.

பிறகு எக்காரணம் கொண்டும் இடத்தை நகர்த்தாதீர்கள். பாலம் இடிந்து நகர்ந்தே ஆக வேண்டுமென்றால், குறைந்தது ஓராண்டு பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரே நாளில் எடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு

நீண்டகாலப் போக்குக்கு மாதம் ஒரு மாதிரி போதும், அது பத்துப் பதினைந்து ஆண்டு விடாமல் வர வேண்டும். இரண்டு ஆண்டு தினமும் எடுத்துவிட்டு நிறுத்துவதால் இந்த வேலைக்குப் பயனில்லை. மாதாந்திர மாதிரி எதைப் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் இறங்கின. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அப்படிப்பட்ட நச்சு அலை ஓரிடத்தைக் கடக்கச் சில நாட்களே ஆகும். மாதாந்திரப் பதிவில் அதன் சுவடே இல்லாமல் போகலாம். அதற்குத் தொடர் சென்சார் வேண்டும். அது வேறு வேலை.

நேரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும், இரவில் எல்லா உயிரும் சேர்ந்து அதை உறிஞ்சும். அதனால் கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையில் அடிமட்டத்திலும் பிற்பகலில் உச்சத்திலும் இருக்கும். பிஎச் (அமில-காரத் தன்மை) அளவும் கூடவே ஏறி இறங்கும். முதல் ஐந்து ஆண்டு காலை ஏழு மணிக்கு எடுத்த குழு, பிறகு வண்டி வசதிக்காக பதினொரு மணிக்கு மாறிக்கொண்டால், ஆறு சுத்தமாகிவிட்டது போல ஒரு வரைபடம் கிடைக்கும். மணியைக் குறிக்காத பழைய பதிவுகளில் ஆக்சிஜன் போக்கைத் தேடாமல் இருப்பதே நல்லது.

வெள்ளத்தில் கூடுதலாக எடுக்கும் மாதிரிகளைத் தனிக் குறியோடு வையுங்கள். சுமையை, அதாவது ஆறு சுமந்து செல்லும் மொத்த எடையை, கணக்கிட அவை அவசியம். ஆனால் ஒரு பத்தாண்டில் வெள்ள மாதிரி அதிகமாகவும் அடுத்த பத்தாண்டில் இல்லாமலும் இருந்தால், சராசரி எடுக்கும்போது கலங்கலும் பாஸ்பரசும் குறைந்ததாகத் தெரியும்.

எதை அளப்பது

வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பிஎச், கண்டக்டிவிட்டி, மிதக்கும் திடப்பொருள், குளோரைடு, காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட், மொத்த பாஸ்பரஸ், சிலிக்கா, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), மலக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா). பணம் குறைவென்றால் பட்டியலைக் குறையுங்கள், ஆண்டுகளைக் குறைக்காதீர்கள். குளோரைடை மட்டும் விட்டுவிட வேண்டாம். அதை எந்த உயிரும் தின்பதில்லை, அது மண்ணிலும் ஒட்டுவதில்லை. வீட்டுக் கழிவு, உப்பு, ஆலைக் கழிவு எது கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கா மேலே அணை வந்ததைக் காட்டும். தேங்கிய நீரில் டயாட்டம் பாசி வளர்ந்து, சிலிக்காவை எடுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுவதால் கீழே வரும் நீரில் அது குறையும்.

மாதிரி எடுப்பதும் கெடாமல் காப்பதும்

மேற்பரப்பில் படலம் மிதக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில், பாட்டில் வாய் நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி நிரப்புங்கள். மணலும் வண்டலும் அடியில்தான் அதிகம். அதனால் வண்டலுக்கும் மொத்த பாஸ்பரசுக்கும் மேலிருந்து அடிவரை சீராக இறங்கி ஏறும் ஆழ மாதிரிக் கருவி வேண்டும்.

பிறகு பாட்டில்கள் பிரியும். மொத்த ஊட்டப்பொருட்களுக்கான பாட்டிலில் பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை கந்தக அமிலம் சேருங்கள். கரைந்த உலோகங்களுக்கு முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அதன் பிறகு நைட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் ஊற்றினால் வண்டலில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்துவிடும். இந்த இரண்டு அமிலத்தையும் மாற்றி ஊற்றுவதுதான் களத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. நைட்ரேட் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விழுந்தால் எண் எங்கேயோ போய் நிற்கும். பாட்டில் மூடிகளுக்கு இரண்டு நிறம் வைத்தால் இது தீர்ந்துவிடும். பிஓடி பாட்டிலில் எந்த அமிலமும் கூடாது, குளிரில் வைத்து முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் ஆய்வைத் தொடங்குங்கள். கோலிஃபார்முக்கு நுண்ணுயிர் நீக்கிய பாட்டில், அதுவும் அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும். பாட்டில் கழுவ பாஸ்பேட் கலந்த சோப்புத்தூள் கூடாது.

கரைந்த ஆக்சிஜனுக்கு மீட்டர் இருந்தாலும் விங்க்ளர் முறையை விடாதீர்கள். 1888-இல் வந்த முறை இது. மீட்டரைச் சரிபார்க்க இன்றைக்கும் இதைத்தான் நம்பலாம். 300 மில்லி பிஓடி பாட்டிலின் அடிவரை குழாயை விட்டு, பாட்டில் இரண்டு மூன்று முறை நிரம்பி வழியும்வரை நீரை விடுங்கள், குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிப்பெட் முனையை நீருக்குள் வைத்து 1 மில்லி மாங்கனீஸ் சல்ஃபேட், பிறகு 1 மில்லி கார-அயோடைடு-அசைடு கரைசல் விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். பழுப்பு நிறத் திப்பி கட்டும். வெள்ளையாகக் கட்டினால் ஆக்சிஜனே இல்லை என்று பொருள். திப்பி பாதிப் பாட்டில்வரை இறங்கியதும் 1 மில்லி அடர் கந்தக அமிலம் விட்டுப் புரட்டினால் எல்லாம் கரைந்து தேன் நிறம் வரும். அதில் 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்யுங்கள், அதாவது நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவைக் குறியுங்கள். வைக்கோல் நிறத்துக்கு வெளிறிய பிறகுதான் ஸ்டார்ச் சேர்க்க வேண்டும், நீலம் முதல் முறை மறையும் இடமே முடிவு. சற்று நேரத்தில் நீலம் திரும்பி வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். 200 என்று இல்லாமல் 201 என்பதற்குக் காரணம், முதலில் விட்ட 2 மில்லி கரைசல் அதே அளவு ஆற்று நீரை வெளியே தள்ளியிருக்கும்.

தயோசல்ஃபேட் நாளடைவில் வலுவிழக்கும். வலுவிழந்த கரைசல் அதிக மில்லி கேட்கும், ஆக்சிஜன் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். டைக்ரோமேட்டை வைத்து அதன் வலுவைச் சரிபார்த்த தேதி பாட்டிலிலேயே எழுதியிருக்கட்டும்.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் சுத்தமான நீரைக் களத்திலேயே பாட்டிலில் ஊற்றி, அதே அமிலம், அதே வடிதாள் என எல்லாம் செய்து ஒரு வெற்று மாதிரியும் கொண்டு போங்கள். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய ஆற்று நீர்த்தரக் கண்காணிப்புப் பதிவே சாட்சி. அங்கே பல ஆண்டுகள் சேர்த்த கரைந்த உலோக எண்கள் பலவும் மாதிரி எடுத்த விதத்திலேயே மாசு கலந்தவை என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. துத்தநாகம், காரீயம் போன்றவற்றின் போக்கை அந்தப் பழைய எண்களிலிருந்து சொல்ல முடியாமல் போனது.

பழைய பதிவைச் சுத்தம் செய்வது

எந்தக் கணக்கும் போடுமுன் ஒரு காலவரிசைத் தாள் தயாரியுங்கள். எந்த ஆண்டு எந்தக் கருவி, எந்த முறை, எந்த ஆய்வகம், எந்த அலகு? முறை மாறிய ஒவ்வொரு தேதிக்கும் வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். எண்கள் அந்தக் கோட்டிலேயே படியேறி நின்றால், பெரும்பாலும் அது ஆற்றின் வேலை அல்ல. திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிக்கல்கள் இவை:

அலகு. நைட்ரேட்டை நைட்ரேட்டாகவும் எழுதுவார்கள், நைட்ரஜனாகவும் எழுதுவார்கள். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரசுக்கும் 3.07 மடங்கு. ஓர் ஆண்டிலிருந்து எண்கள் திடீரென நாலரை மடங்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கண்டறியும் வரம்பு. பழைய முறை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்வரைதான் அம்மோனியாவைக் கண்டது, புதிய முறை 0.02 வரை காண்கிறது என்று வையுங்கள். வரம்புக்குக் கீழே உள்ளவற்றுக்குப் பாதி மதிப்பைப் போடும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படிப் போட்டால் பழைய எண் 0.05, புதிய எண் 0.01. அம்மோனியா ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக வரைபடம் சொல்லும், ஆறோ அப்படியே இருக்கும். போக்குக் கணக்குக்கு, 0.1-க்குக் கீழான எல்லாவற்றையும், புதியவை உட்பட, ‘0.1-க்குக் கீழ்’ என்றே சமமாக நடத்துங்கள். நுணுக்கம் கொஞ்சம் போகும், பொய் வராது.

கண்டக்டிவிட்டி. வெப்பநிலைத் திருத்தம் இல்லாத பழைய மீட்டர்கள் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் நகரும். 30 டிகிரியில் அளந்த எண் 25 டிகிரிக்கான எண்ணைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகமாக இருக்கும். நீரின் வெப்பநிலை பதிவாகியிருந்தால் எல்லாவற்றையும் 25 டிகிரிக்கு மாற்றிவிடலாம். மீட்டரைச் சரிபார்க்க 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் போதும், 25 டிகிரியில் அது சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும்.

ஆக்சிஜன் மீட்டர். சவ்வு வைத்த பழைய சென்சாரைச் சுற்றித் தண்ணீர் நகராவிட்டால் அது குறைத்துக் காட்டும். ஒளி முறைச் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. மாற்றிய ஆண்டில் எண்கள் சற்று உயர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிஓடி. 20 டிகிரியில் ஐந்து நாள் செய்ததும் 27 டிகிரியில் மூன்று நாள் செய்ததும் நெருங்கி வரும். ஆனால் ஒன்றேயல்ல, ஒரே கோட்டில் கோர்க்காதீர்கள்.

வண்டல். மாதிரியைக் குலுக்கி அதில் ஒரு பங்கை மட்டும் உறிஞ்சி எடைபோட்டால், மணல் அதற்குள் அடியில் இறங்கியிருக்கும், பிப்பெட்டில் வராது. பாட்டில் முழுவதையும் வடிகட்டி எடைபோடும் முறைக்கு மாறிய ஆண்டில் வண்டல் ‘ஏறும்’.

இனி முறையை மாற்ற நேர்ந்தால், ஒரே மாதிரியை இரண்டு முறையிலும் பன்னிரண்டு மாதம் ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் நிலையாக இருந்தால் பழையதைப் பெருக்கி மாற்றலாம். நிலையாக இல்லையென்றால் பதிவை அந்த இடத்தில் இரண்டாக வெட்டுவதுதான் நேர்மை.

ஓட்டத்தைக் கழிப்பது

செறிவையும் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) ஓட்டத்தையும் லாக் (மடக்கை) எடுத்து ஒரு புள்ளி வரைபடம் போடுங்கள். ஓட்டம் கூடும்போது குளோரைடு குறைந்தால் அது பெரும்பாலும் குழாய் வழியாக ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும் கழிவு, வெள்ளம் அதை நீர்க்கச் செய்கிறது. ஓட்டத்தோடு பாஸ்பரசும் வண்டலும் சேர்ந்து ஏறினால், மழை நிலத்தை அரித்துக் கொண்டுவருகிறது. எது எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட மலிவான துப்பு கிடையாது.

அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டைப் பொருத்துங்கள். வளைந்திருந்தால் லோயெஸ் வளைகோடு (புள்ளிகளின் போக்கிலேயே வளைந்து செல்வது). ஒவ்வொரு மாதிரியிலும் உண்மை எண்ணிலிருந்து கோடு சொல்லும் எண்ணைக் கழித்து, மிச்சத்தை ஆண்டுகளுக்கு எதிராக வரையுங்கள். வறட்சியும் வெள்ளமும் பெரிதும் விலகிய போக்கு அதில் தெரியும். ஒரு நிபந்தனை: ஓட்டமே அணையால் மாறியிருந்தால் இந்தக் கழித்தல் ஏமாற்றும். அணைக்கு முன், பின் என இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

இருபது ஆண்டும் இருநூறு மாதிரியும், இடைவெளியில்லாத தினசரி ஓட்டப் பதிவும் இருந்தால், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹிர்ஷும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட எடையிட்ட பொருத்தல் முறை இதைவிடச் சிறந்தது. ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் எக்ரெட் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது.

சுமை வேறு, செறிவு வேறு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள ஆறு நொடிக்கு 1000 கன மீட்டர் ஓடினால், நொடிக்கு 2000 கிராம், நாளுக்கு 172.8 டன். (செறிவு × ஓட்டம் × 0.0864 என்றால் நேரடியாக டன் வரும்.) மீனுக்கும் குடிநீருக்கும் செறிவைப் பாருங்கள். கடலுக்கு எவ்வளவு போகிறது என்றால் சுமையைப் பாருங்கள்.

போக்கு உண்மையா?

நீர்த்தர எண்கள் ஒரு பக்கமாக இழுபட்டவை, இடையிடையே விடுபட்டவை. சாதாரண நேர்கோட்டுப் பொருத்தத்தை ஒரே ஒரு வெள்ள மாதிரி திருப்பிவிடும். அதனால் மான்-கெண்டல் சோதனை. கணக்கு எளிது: ஒவ்வோர் எண்ணையும் அதற்குப் பின் வந்த எல்லா எண்களோடும் ஒப்பிட்டு, பின்னது பெரிதென்றால் +1, சிறிதென்றால் −1, சமமென்றால் 0.

ஒரு பயிற்சிக் கணக்கு. பத்து ஆண்டின் ஒரே மாத நைட்ரேட் எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 1.10, 1.05, 1.22, 1.18, 1.30, 1.27, 1.41, 1.25, 1.48, 1.52. மொத்தம் 45 ஜோடி. 39-இல் ஏற்றம், 6-இல் இறக்கம், ஆகக் கூட்டல் 33. போக்கே இல்லாவிட்டாலும் தற்செயலாக இது எவ்வளவு அலையும்? எண்ணிக்கை 10, அதைவிட ஒன்று குறைந்த 9, அதன் இரு மடங்கோடு 5 சேர்த்த 25 ஆகியவற்றைப் பெருக்கி 18-ஆல் வகுங்கள்: 10 × 9 × 25 ÷ 18 = 125, அதன் வர்க்கமூலம் 11.18. கூட்டலில் ஒன்று குறைத்து 32-ஐ 11.18-ஆல் வகுத்தால் 2.86. போக்கே இல்லாதபோது தற்செயலாக இந்த எண் 1.96-ஐத் தாண்ட வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. பத்து ஆண்டுப் பதிவில் இந்த எல்லையைத் தொட கூட்டல் 23 ஆவது வர வேண்டும். ஐந்து ஆண்டுப் பதிவில் மொத்தமே பத்து ஜோடிதான், அதை வைத்துப் போக்கு பேசுபவரிடம் வாதாடிப் பயனில்லை.

எல்லா மாதமும் இருந்தால் ஜனவரியை ஜனவரியோடும் ஜூலையை ஜூலையோடும் மட்டும் ஒப்பிட்டுப் பன்னிரண்டு கூட்டல்களையும் சேர்ப்பது பருவக் கெண்டல் முறை, 1982-இல் வந்தது. எவ்வளவு வேகம் என்பதற்கு ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து, எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள், அதுவே சென் சாய்வு. தினசரி சென்சார் எண்களை அப்படியே இதில் போடாதீர்கள். இன்றைய எண் நேற்றைய எண்ணைப் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கும், சோதனை பொய்யான உறுதி காட்டும். மாத நடு எண்ணாகச் சுருக்கிவிட்டுப் போடுங்கள். சுத்திகரிப்பு ஆலை திறந்த தேதி தெரிந்திருந்தால் சாய்வு தேடாமல், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பிரித்து ஒப்பிடுங்கள்.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

ஒரே எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அம்மோனியா இறங்கி அதே காலத்தில் நைட்ரேட் ஏறினால், சுத்திகரிப்பு ஆலை ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது என்று அர்த்தம். மீனுக்கு நிம்மதி, கடலுக்குப் போகும் மொத்த நைட்ரஜனில் மாற்றமில்லை. ஆக்சிஜனைச் செறிவாகவும் நிறைவுச் சதவீதமாகவும் (அந்த வெப்பநிலையில் நீர் கொள்ளக்கூடியதில் எத்தனை சதவீதம்) எழுதுங்கள். கடல்மட்டத்தில் 20 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் வைத்திருக்கும், 25 டிகிரியில் 8.3 தான். ஆறு சூடாவதால் மட்டுமே ஆக்சிஜன் குறைந்திருந்தால், சதவீதம் அசையாமல் இருக்கும்.

தாமதத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். தேம்ஸ் ஆற்றின் நைட்ரேட் பதிவு 1868-இல் தொடங்குகிறது. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் சுண்ணாம்புப் பாறை வழியாக நிலத்தடி நீரில் இறங்கி ஆற்றுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன என்பதை அப்படிப்பட்ட நீண்ட பதிவால்தான் காட்ட முடிகிறது. ஆற்றடி வண்டலில் படிந்த பாஸ்பரசும் இப்படித்தான், வரத்து நின்ற பிறகும் உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். உரம் குறைந்த ஐந்தாம் ஆண்டில் நைட்ரேட் குறையவில்லை என்பதால் அந்த நடவடிக்கை தோற்றது என்று எழுதுவது அவசரம்.

அறிக்கையில் முடிவை எழுதும்போது ஒரே வாக்கியத்தில் இடம், ஆண்டுகள், பருவம், ஓட்டம் கழித்ததா இல்லையா, சாய்வு, அதன் நம்பக எல்லை (சாய்வு எந்த இரு எண்களுக்கு இடையே இருக்கக்கூடும்), முறை மாறிய தேதி ஆகிய ஏழும் இருக்க வேண்டும். ‘நைட்ரேட் உயர்ந்துள்ளது’ என்று மட்டும் எழுதினால், பத்து ஆண்டு கழித்து அதை எடுத்துப் படிப்பவர் மறுபடியும் காலவரிசைத் தாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.